மூன்றாம் செமஸ்டரில் கேட்க வேண்டிய கேள்வி

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் தமிழ்நாட்டில் எல்லோரும் கல்வி ஆலோசகர்கள்தான். நாளிதழ்கள் தனி இணைப்பு போடுகின்றன. கல்யாண மண்டபங்களில் கல்விக் கண்காட்சி நடக்கிறது. அரசும் தன் பங்குக்கு ‘கல்லூரிக் கனவு’ என்று மாவட்டந்தோறும் நிகழ்ச்சி நடத்துகிறது. எங்கும் சேராமல் விட்டுப்போன பிள்ளைகளைத் தேடிப்பிடிக்க ‘உயர்வுக்குப் படி’ இருக்கிறது. எல்லாம் நல்ல காரியங்கள். ஆனால் அதே பிள்ளை மூன்று வருடம் கழித்து, இன்னொரு கோடையில், கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுக் கல்லூரி வாசலைத் தாண்டும்போது வழி சொல்ல நாதி இல்லை. ‘அடுத்து என்ன?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார், அத்தை கேட்பார், பஸ்ஸில் பார்த்த பழைய வாத்தியார் கேட்பார். கேட்டவர் யாருக்கும் பதில் தெரியாது என்பதுதான் சங்கடம்.

கல்லூரியில் சேர்ப்பதில் நாம் பெருமைப்பட்டுக்கொள்ளக் காரணம் இருக்கிறது. 2021-22ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டில் அது 47. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். பிள்ளையைக் கல்லூரிக்குள் கொண்டுவந்து உட்கார வைக்கும் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. பட்டத்தோடு வெளியே போகிற பிள்ளைக்கு வழி சொல்லும் வேலைக்கு இன்னும் ஆள் போடவில்லை.

இங்கே நான் பேசுவது பொறியியல் மாணவர்களைப் பற்றி அல்ல. அவர்களுக்கும் கஷ்டம் உண்டு. ஆனால் அவர்கள் கல்லூரியில் பிளேஸ்மெண்ட் என்ற சொல்லாவது முதல் வருடமே காதில் விழுந்துவிடும். நான் சொல்வது பி.ஏ. வரலாறு, பி.எஸ்சி. கணிதம், பி.காம். படிக்கும் பிள்ளைகளை. தமிழ்நாட்டில் நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் பல, தாலுகா தலைநகரை ஒட்டிய பொட்டலில், பஸ் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை வரும் இடத்தில் இருப்பவை. அங்கே படிக்கிறவர்களில் மிகப் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள்.

முதல் பட்டதாரிக்கு இல்லாதது அறிவோ உழைப்போ அல்ல, வீட்டில் ஆள். வசதியான குடும்பத்துப் பிள்ளைக்கு பெங்களூரில் ஐ.டி.யில் ஒரு மாமா இருப்பார்; வங்கியில் ஒரு பெரியப்பா; அப்பாவின் சிநேகிதர் ஒருவர் ஆடிட்டர். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே, ‘பி.காம். முடிக்கிற வரைக்கும் காத்திருக்காதே, இப்பவே சி.ஏ.வுக்குப் பதிவு பண்ணிடு’ என்று ஒரு வாக்கியம் அந்தப் பிள்ளையின் இலையில் விழுந்துவிடும். அந்த ஒரு வாக்கியத்தின் விலை இரண்டு வருடம். நிலமும் நகையும் போலவே தகவலும் குடும்பத்துக்குள் கைமாறும் சொத்துதான். அது இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிதான் மாமாவாக இருக்க வேண்டும். இருக்கிறதா?

ஒரு வேலைவாய்ப்பு முகாமுக்குப் போய்ப் பாருங்கள். காலை ஒன்பது மணிக்குள் கல்லூரி மைதானம் நிறைந்துவிடும். எல்லோர் கையிலும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் சான்றிதழ் நகல்கள், நான்கைந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பயோடேட்டா. அந்த பயோடேட்டாக்களை வரிசையாக வாங்கிப் படித்தால் ஒன்று புரியும்: முக்கால்வாசி ஒரே ஆள் எழுதியவை. கல்லூரி எதிரில் இருக்கும் பிரவுசிங் சென்டர்காரர், பத்து வருடத்துக்கு முன்னால் யாருக்கோ அடித்துக் கொடுத்ததைக் கணினியில் அப்படியே வைத்திருக்கிறார். பெயரும் மதிப்பெண்ணும் மட்டும் மாறும். சவால் நிறைந்த சூழலில் நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட விரும்புவதாக எல்லோரும் ஒரே ஆங்கிலத்தில் அறிவித்திருப்பார்கள். பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது. கீழே, மேற்கண்டவை யாவும் உண்மை என்று ஓர் உறுதிமொழி. அந்தக் கடைசி வரிக்கு மேலே அந்தப் பிள்ளையைப் பற்றிய உண்மை ஒன்றும் இருக்காது.

அப்படி ஒரு முகாமில் பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கேட்டேன்.

“வேலை அனுபவம் ஏதாவது உண்டா தம்பி?”

“இல்லீங்க சார். ஃபிரஷர்தான்.”

“சனி, ஞாயிறு என்ன பண்ணுவீங்க?”

“கேட்டரிங் போவேன் சார். முகூர்த்த நாள்னா ரெண்டு நாள் மூணு நாள் இருக்கும்.”

“பரிமாறவா?”

“மொதல்ல பரிமாறிட்டு இருந்தேன். இப்போ பசங்கள நான்தான் கூட்டிட்டுப் போவேன். ஒரு மண்டபத்துக்கு இருபது இருபத்தஞ்சு பேரு. எந்தப் பந்திக்கு யாருன்னு பிரிச்சு விட்டு, முடிஞ்சதும் காண்ட்ராக்டர்கிட்ட காசு வாங்கிப் பிரிச்சுக் கொடுத்துடுவேன்.”

இருபத்தைந்து பையன்களைத் திரட்டி, வேலை பிரித்து, நேரத்துக்குப் பந்தியை முடித்து, சண்டை வராமல் கூலி பட்டுவாடா செய்கிற ஒருவர், தனக்கு அனுபவம் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்தவரை ‘அனுபவம்’ என்றால் கம்பெனியில் கொடுக்கும் தாள். அன்றைக்கு ஹோட்டல் துறையிலிருந்தும் சரக்குக் கிடங்கு நிறுவனங்களிலிருந்தும் வந்திருந்தவர்கள் தேடிக்கொண்டிருந்தது இப்படிப்பட்ட ஆளைத்தான். இரண்டு தரப்பும் ஒரே பந்தலில் நின்று ஒருவரை ஒருவர் பார்க்காமலே போயிருக்கும். அந்த பயோடேட்டாவை மாற்றி எழுத அரை மணி நேரம் போதும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, ‘சனி, ஞாயிறு என்ன பண்ணுவீங்க?’ என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்குப் பதிலாக நம் கல்லூரிகள் கூப்பிடுவது தன்னம்பிக்கைப் பேச்சாளரை. கூட்ட அரங்கில் ஐந்நூறு பேரை உட்கார வைத்து, பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசு கொடுத்து, ஒன்றரை மணி நேரம் பேச வைப்பார்கள். அப்துல் கலாம் கண்ட கனவு, எடிசன் தோற்ற கதை, கடைசியில் கைதட்டல். போட்டோ எடுத்து ஃபைலில் வைத்துவிடுவார்கள். ஏனென்றால் கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழு வரும்போது ஐந்தாவது அளவுகோலான மாணவர் ஆதரவும் முன்னேற்றமும் என்ற தலைப்பின் கீழ், வழிகாட்டல் நிகழ்ச்சி நடத்தியதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அரங்கை விட்டு வெளியே வரும் மாணவருக்கு, நாளைக் காலை பத்து மணிக்கு எங்கே போய் யாரைப் பார்ப்பது என்பது அப்போதும் தெரியாது. தன்னம்பிக்கை நம் பிள்ளைகளிடம் போதுமான அளவு இருக்கிறது. பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு முப்பது கிலோமீட்டர் வந்து படிக்கிறவருக்கு அதை யாரும் ஊட்ட வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது முகவரியும் கடைசித் தேதியும்.

தகவல் இல்லாத இடத்தில் மிஞ்சுவது ஒரே வழி: ‘குரூப் எக்ஸாம் எழுதப் போறேன்.’ 2024 ஜனவரியில் டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 அறிவிக்கை வந்தபோது இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 இலட்சத்துக்கும் மேல். பின்னால் இடங்கள் கூட்டப்பட்டன என்பது உண்மைதான்; கணக்கு அதனால் பெரிதாக மாறிவிடவில்லை. அரசு வேலைக்கு ஆசைப்படுவதை நான் குறை சொல்ல மாட்டேன். சிபாரிசு இல்லாமல், சாதி பார்க்காமல், பணம் கொடுக்காமல், எழுதித் தேறினால் கிடைக்கும் வேலை என்று ஏழை வீட்டுப் பிள்ளை நம்புவதற்கு மிச்சம் இருப்பது இந்தத் தேர்வுகள்தான். அந்த நம்பிக்கை மதிப்புக்குரியது. குறை, அதற்குத் தயாராகும் முறையில்.

குரூப்-4க்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. அதாவது பட்டம் வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பொது அறிவுப் பகுதியின் அடித்தளம் பள்ளிப் பாடப் புத்தகங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று ஒன்று இருக்கிறது. போட்டித் தேர்வுகளுக்கு அங்கே பயிற்சி இலவசம். ஆனால் நம் பிள்ளைகள் மூன்று வருடம் கல்லூரியில் இதைப் பற்றி யோசிக்காமல் இருந்துவிட்டு, பட்டம் வாங்கியபின் அப்பாவிடம் பணம் வாங்கிக்கொண்டு வேறு ஊரில் அறை எடுத்துப் படிக்கப் போகிறார்கள். ஒரு வருடம் இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. எப்போது நிறுத்துவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. இன்னொரு பக்கம், மத்திய அரசுத் தேர்வுகளை நம்மவர்கள் திரும்பிப் பார்ப்பது குறைவு. எஸ்.எஸ்.சி. நடத்தும் எம்.டி.எஸ். என்ற பன்முகப் பணியாளர் தேர்வை 2023 முதல் தமிழிலேயே எழுதலாம். மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வும் 2024 முதல் தமிழில் நடக்கிறது. வங்கி எழுத்தர் தேர்வில் தமிழ்நாட்டு இடங்களுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. இத்தனையும் முதல் வருடமே தெரிந்த ஒருவர், ஒரே படிப்பில் நான்கைந்து தேர்வுகளுக்குத் தயாராக முடியும்.

இந்தத் தேர்வுகளுக்குக் காட்ட வேண்டிய சான்றிதழ் விவகாரத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல மதிப்பெண் வாங்கியவர்களும் சறுக்குவது இங்கேதான். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அது திருத்தப்பட்டது: அந்தப் பதவிக்கு என்ன கல்வித் தகுதியோ அதுவரை, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதி உள்ள பணிக்குப் பத்தாம் வகுப்பு வரை போதும். பட்டம் தேவைப்படும் பணிக்குப் பட்டமும் தமிழ் வழியில் இருந்தாக வேண்டும். கல்லூரியில் சேரும்போது, ‘இங்கிலீஷ் மீடியம்னா கெத்து’ என்று விண்ணப்பத்தில் டிக் அடித்தவருக்கு, அந்த டிக்கின் அர்த்தத்தை அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? தமிழ் வழியில் படித்தவரும் நிம்மதியாக இருக்க முடியாது. ஒன்றாம் வகுப்பு ஒரு பள்ளி, ஆறாம் வகுப்பு இன்னொரு பள்ளி என்று மாறியிருந்தால் ஒவ்வொரு இடத்திலும் சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தபிறகு, இடையில் மூடப்பட்டுவிட்ட ஆரம்பப் பள்ளியின் பதிவேட்டைத் தேடி வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு அலைந்தவர்கள் உண்டு.

இனிஷியல் இன்னொரு தலைவலி. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயருக்குப் பின்னால் ஓர் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பட்டத்தில் முன்னால் ஓர் எழுத்து. வங்கிக் கணக்கில் தொடங்கி பாஸ்போர்ட் வரைக்கும் இது துரத்தும். திருத்த வேண்டிய காலம் இரண்டாம் ஆண்டு விடுமுறை. வேலைக்கான உத்தரவு கைக்கு வந்த வாரம் அல்ல.

சரி, படித்த படிப்புக்கு என்ன வழி? ‘இந்த டிகிரிக்கு ஸ்கோப் இல்லை’ என்று ஒற்றை வரியில் தீர்ப்புச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பி.காம். எடுத்துக்கொள்ளுங்கள். வணிகவியல் பட்டதாரி 55 சதவீத மதிப்பெண் வைத்திருந்தால், சி.ஏ.வில் அடிப்படைத் தேர்வான பவுண்டேஷனைத் தாண்டி நேராக இண்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம். மற்றப் பட்டதாரிகளுக்கு 60 சதவீதம். ஆடிட்டரிடம் இருந்து பழகும் ஆர்ட்டிகிள்ஷிப் முன்பு மூன்று வருடம். 2023இல் வந்த புதிய முறையில் இரண்டு வருடமாகக் குறைந்தது. சி.எம்.ஏ. படிப்பிலும் பட்டதாரிகள் நேராக இண்டர்மீடியட்டில் சேரலாம். எல்லோரும் தேறிவிட மாட்டார்கள், கடினமான தேர்வுகள். ஆனால் பாதியில் நின்றவருக்கும் கை வெறுங்கையாக இருக்காது. ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருடம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுப் பழகியவரை ஈரோட்டு ஜவுளிக் கடையும் சிவகாசி அச்சகமும் நாமக்கல் லாரி ஆபீஸும் கூப்பிட்டு வேலை கொடுக்கும். நம் கல்லூரிகளில் மூன்று வருடம் பி.காம். படித்து, டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு வவுச்சர்கூடப் போடாமல் வெளியே வருகிறவர்கள் இருக்கிறார்கள். தெருமுனை மளிகைக் கடையின் ஒரு மாதக் கணக்கை வாங்கி வந்து பதிவுசெய்து பார் என்று சொல்ல ஒரு பேராசிரியர் போதும். பாடத்திட்டம் மாற வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

வரலாறு படித்தவருக்குத் தொல்லியலில் முதுநிலைப் பட்டயம் தரும் அரசு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. கீழடி பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோம். அந்தக் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கப் படிப்பது எங்கே என்று வரலாற்றுத் துறை மாணவரிடம் கேட்டால் விழிப்பார். இயற்பியலும் கணிதமும் படிப்பவர்களுக்கு ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ‘ஜாம்’ என்றொரு நுழைவுத் தேர்வு உண்டு. ஜே.இ.இ. எழுத வழியில்லாமல் போனவருக்கும் ஐ.ஐ.டி. வாசல் மறுபடி திறக்கும் இடம் அது. தாலுகா கல்லூரியில் முதல் மதிப்பெண் எடுப்பவரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பி.எட். படித்துவிட்டு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே பாதை.

தொழில்பழகுநர் பயிற்சி என்றால் ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1961ஆம் ஆண்டுத் தொழில்பழகுநர் சட்டம் 2014இல் திருத்தப்பட்டு, பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். பட்டதாரிகளுக்கும் கதவு திறந்தது. 2019இல் விதிகள் மாறியபோது பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் ரூ.9,000 என்று ஆனது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் இரண்டரை முதல் பதினைந்து சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். தென்மாநிலங்களுக்கான தொழில்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. ஒன்பதாயிரம் பெரிய பணமில்லை. ஆனால் ஓர் அலுவலகம் காலை பத்து மணிக்கு எப்படி இயங்குகிறது என்று தெரியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு வருடம் தரும் பழக்கம் எந்த வகுப்பிலும் கிடைக்காது. கோப்பு எழுதுவது, மேலதிகாரியிடம் ‘எனக்குப் புரியலை’ என்று தயங்காமல் சொல்வது, வாடிக்கையாளரிடம் போனில் பேசுவது எல்லாம் அங்கேதான் வரும். ஆங்கிலமும் ஓரளவு அங்கேயே வந்துவிடும். மேடையில் மைக் கொடுத்துப் பேச வைக்கும் வகுப்பைவிட அது வேகமாகக் கற்றுக்கொடுக்கும்.

2022 மார்ச் முதல் தேதி மாநில அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்தைக் குறிப்பிடாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. கலைக் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள் திறன் வகுப்புகளைக் கொண்டுவந்தது சரியான நடவடிக்கை. குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராகும் ஆயிரம் பேருக்குப் பத்து மாதம் மாதந்தோறும் ரூ.7,500 தருவதும் நல்ல யோசனை. ஆனால் கல்லூரி அளவில் நடப்பது என்ன? எந்த மாணவருக்கு எந்தப் பயிற்சி என்று உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க அங்கே ஆள் இல்லை. ஆகவே துறை முழுவதற்கும் ஒரே பயிற்சி, எல்லோர் ஃபைலிலும் அதே சான்றிதழ். ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒரே தீவனம் வைப்பதுபோல.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்த வழிகாட்டல் வீட்டு வாசல் வரைக்கும் போக வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ வேலை கிடைத்தது என்று மகள் வந்து நின்றால், அப்பா முதலில் கேட்பது சம்பளத்தை அல்ல, “எங்கம்மா தங்குவ?” என்றுதான். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் கைக்கு வந்த வேலையை விட்டவர்கள் எத்தனையோ பேர். அரசின் ‘தோழி’ விடுதிகள் எந்தெந்த ஊரில் இருக்கின்றன, வாடகை எவ்வளவு, எப்படி விண்ணப்பிப்பது என்று அந்த அப்பாவுக்குச் சொல்ல யாராவது வேண்டும். அதே ஊரில் அதே வேலையில் இருக்கும் போன வருடத்து மாணவியை அம்மாவிடம் போனில் பேச வைத்தால் பாதித் தடை விலகிவிடும். விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் ஆகிய ஊர்களில் 2024இல் திறந்த நியோ டைடல் ஐ.டி. பூங்காக்களைப் போல வேலை ஊர்ப்பக்கமாக வருவது இன்னும் நல்லது. ஆனால் அங்கே வந்திருக்கும் நிறுவனங்களுக்கும் பக்கத்துக் கலைக் கல்லூரிக்கும் நடுவே யார் பேசுவது என்ற பழைய கேள்வி அங்கேயும் உண்டு.

இனி, இந்த ‘யார்’ என்ற கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு கல்லூரியிலும் வேலைவாய்ப்பு வழிகாட்டி மையம் என்று ஒரு பலகை இருக்கும். பலகைக்குப் பின்னால் ஒரு பேராசிரியர். அவருக்கு அது கூடுதல் பொறுப்பு. சம்பளமும் இல்லை, பாட நேரக் குறைப்பும் இல்லை. அரசுக் கல்லூரிகளில் வகுப்பெடுக்கிறவர்களில் பல ஆயிரம் பேர் கௌரவ விரிவுரையாளர்கள். முனைவர் பட்டம் வாங்கி, நெட் அல்லது செட் தேறி, மாதம் ரூ.25,000 தொகுப்பூதியத்தில் பத்துப் பதினைந்து வருடமாக நிரந்தரப் பணிக்குக் காத்திருக்கிறவர்கள். தன் வேலைக்கே உத்தரவாதம் இல்லாத மனிதரிடம் போய், ‘சார், நான் என்ன வேலைக்குப் போகலாம்?’ என்று மாணவர் கேட்கிறார். நியாயமா? அவர்களில் பலர் தங்கள் கையிலிருந்து செலவு செய்து மாணவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தனிமனிதரின் நல்ல மனதை நம்பி ஒரு மாநிலம் தன் பட்டதாரிகளை விட்டுவிட முடியாது.

பட்டதாரிகளை அரசு நினைத்துப் பார்க்கும் ஓர் இடம் உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்து வருடம் வேலையில்லாமல் காத்திருந்தால், பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை. ஐந்து வருடம் கழித்துத் தரும் அறுநூறைவிட, மூன்றாம் செமஸ்டரில் தரும் ஒரு மணி நேரத்துக்கு மதிப்பு அதிகம்.

ஏன் மூன்றாம் செமஸ்டர்? முதல் வருடம் பிள்ளை கல்லூரிக்குப் பழகுவதிலேயே போய்விடும். கடைசி வருடம் பதற்றம். நடுவில் இருக்கும் அந்த ஆறு மாதம்தான் நிதானமாகப் பேச ஏற்றது. அந்த ஒரு மணி நேரத்தில் பெரிய உபதேசம் எதுவும் வேண்டாம். வீட்டு நிலைமை என்ன, பட்டம் வாங்கியதும் சம்பாதித்தாக வேண்டுமா, இரண்டு வருடம் படிக்க வீடு தாங்குமா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுச் சொல்லும் எந்த யோசனையும் வெறும் காற்று. கடனில் இருக்கும் வீட்டுப் பையனிடம், ‘ஐ.ஏ.எஸ்.ஸுக்கு முயற்சி பண்ணு’ என்பது கொடுமை. பிறகு விடுமுறையில் என்ன வேலை பார்க்கிறார், எதில் கை ஓடுகிறது, எந்தப் பாடத்தில் அரியர் என்று விசாரிக்கலாம். கடைசியாக இரண்டு பாதைகளைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். முதலாவது ஆசைப்படுவது, மற்றது அது நடக்காவிட்டால் போவது. இரண்டுக்கும் அடுத்த ஆறு மாதத்தில் செய்ய வேண்டியவை, தேதியோடு. நான்காம் செமஸ்டரில் அதே தாளை வைத்துக்கொண்டு மறுபடி உட்கார வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையிடம் தினம் தினம் ‘என்ன ஆச்சு?’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு முறை உட்கார்ந்து கெடு பேசிக்கொள்ளுங்கள். தேர்வுக்குப் படிக்க இத்தனை மாதம், அதுவரை வீடு இவ்வளவு செலவு செய்யும், அதற்குப் பிறகு கிடைத்த வேலைக்குப் போக வேண்டும் என்று. கெடு தெரிந்த பிள்ளை நிம்மதியாகப் படிக்கும். ‘வேலை வாங்கித் தருகிறேன், டெபாசிட் கட்டு’ என்று வருகிற எவரையும் வீட்டுக்குள் விடாதீர்கள். வெளிநாட்டில் டேட்டா என்ட்ரி வேலை என்று கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் போய், இணைய மோசடிக் கூடாரங்களில் சிக்கி மீண்டு வந்தவர்களில் தமிழ்நாட்டுப் பட்டதாரிகளும் இருந்தார்கள். வெளிநாட்டு வேலை முகவர் யாராக இருந்தாலும் வெளியுறவுத் துறையில் பதிவு பெற்றவரா என்று பார்க்க ‘இ-மைக்ரேட்’ இணையதளம் இருக்கிறது. பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

அரசு செய்ய வேண்டியது இதுதான்: ஒவ்வொரு அரசு கலை அறிவியல் கல்லூரிக்கும் முழுநேர வேலைவாய்ப்பு வழிகாட்டி அலுவலர் என்று ஒரு பணியிடம். கூடுதல் பொறுப்பாக அல்ல, தனிப் பதவியாக. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தோடும் தொழில் மையத்தோடும் உள்ளூர் நிறுவனங்களோடும் பேசுவது அவர் வேலை. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்தாரா, படித்து முடித்தவர்கள் ஒரு வருடம் கழித்து எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கு அவரிடம் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளால் அவரை மதிப்பிடலாம். மாநிலம் முழுவதற்கும் சேர்த்து இருநூறுக்கும் குறைவான பணியிடங்கள். உயர்கல்வித் துறையின் செலவுக் கணக்கில் இது கண்ணில் படாத தொகை. அடுத்த பட்ஜெட்டிலேயே செய்யலாம்.

அதுவரை, இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் வங்கியிலோ, ஆடிட்டர் அலுவலகத்திலோ, மருந்துக் கம்பெனியிலோ, தாலுகா அலுவலகத்திலோ, கப்பல் சரக்கு நிறுவனத்திலோ வேலை பார்க்கிறவராக இருந்தால், நீங்கள் படித்த கல்லூரிக்கு ஒரு மதியம் போங்கள். பொன்னாடையும் மேடையும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டாம் ஆண்டு வகுப்பறை ஒன்றில் பத்துப் பேரோடு உட்கார்ந்து, உங்கள் வேலைக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள், இப்போது வர வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு சம்பளம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கிளம்பும் முன் உங்கள் போன் நம்பரைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வாருங்கள்.